ஐஓஎஸ் திரையை நிரலில் அமைக்க எந்த வழி? ஆங்கர், ஸ்டாக் வியூ, ஸ்னாப்கிட், ஃப்ரேம், ஸ்விஃப்ட்யூஐ: ஓர் ஒப்பீடு

ஸ்டோரிபோர்டை (திரையை மவுஸால் வரைந்து அமைக்கும் கோப்பை) விட்டு வெளியே வருவது என்று முடிவெடுப்பது எளிது. இரண்டு பேர் ஒரே திரையைத் தொட்டால் எக்ஸ்எம்எல் கோப்பில் மெர்ஜ் சிக்கல் வருகிறது. ரிவ்யூவில் என்ன மாறியது என்று படித்துத் தெரிந்துகொள்ளவும் முடிவதில்லை. இந்த இரண்டு காரணமே போதும். குழப்பம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. நிரலில் எழுதுவது என்றால் எப்படி எழுதுவது? ஆங்கர்களை (ஒரு வியூவின், அதாவது திரையில் உள்ள ஒரு துண்டின், ஓரத்தை இன்னொன்றின் ஓரத்தோடு கட்டும் புள்ளிகளை) நேரடியாக எழுதுவதா, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கித் தரும் ஸ்டாக் வியூவுக்குள் போட்டுவிடுவதா, ஸ்னாப்கிட் மாதிரி ஒரு லைப்ரரியைச் சேர்த்துக்கொள்வதா, கணக்குப் போட்டு ஃப்ரேம் (இடமும் அளவும்) கொடுப்பதா, இல்லை ஒரேயடியாக ஆப்பிளின் புதிய திரை அமைப்பு முறையான ஸ்விஃப்ட்யூஐ பக்கம் போய்விடுவதா?

இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "எதில் வரி குறைவு" என்பதிலேயே நின்றுவிடுகிறது. அது தவறான அளவுகோல் என்று உறுதியாக நினைக்கிறேன். ஒரு திரையை எழுதுவது ஒரு தடவை. அது மாறுவதைச் சமாளிப்பது வருடக்கணக்கில். பெயர் நீளும், எழுத்து பெரிதாகும், கீபோர்டு எழும், ஒரு பட்டன் மறையும், மொழி வலமிருந்து இடமாகத் திரும்பும். அப்போதெல்லாம் கணக்கை யார் போடுகிறார்கள், கணக்கு தப்பினால் அதை யார் நமக்குச் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், உள்ளடக்கம் எவ்வளவு மாறும்? ஐஃபோனில் பயனர் தன் விருப்பப்படி எழுத்தளவைக் கூட்டிக்கொள்ளலாம். இயல்பான அமைப்பில் 17 பாயின்ட் இருக்கும் பாடி எழுத்து, அணுகல்தன்மை அளவுகளின் உச்சத்தில் 53 பாயின்ட் ஆகிறது. மூன்று மடங்குக்கும் மேல். ஒரு வரியில் அடங்கிய வாக்கியம் ஐந்து வரி கேட்கும். மொழி மாறினாலும் இதே கதைதான்: ஒரு மொழியில் ஐந்து எழுத்தில் முடிகிற பட்டன் இன்னொன்றில் பதினைந்து எழுத்து ஆகலாம்.

இரண்டாவது, திரையின் நிலை எத்தனை விதமாக மாறும்? பிழைச் செய்தி தோன்றி மறைவது, கீபோர்டு வருவது, ஐபேடில் பாதித் திரைக்குச் சுருங்குவது எல்லாம் இதில் அடங்கும்.

மூன்றாவது, தப்பு எங்கே தெரிகிறது? கம்பைலரே பிடித்துவிட்டால் நல்லது. ஓடும்போது கிராஷ் ஆனால் அடுத்த நிலை, லாகில் ஓர் எச்சரிக்கை மட்டும் வந்தால் அதற்கும் கீழே. எதுவுமே சொல்லாமல் திரை கோணலாக நிற்பதுதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் அது நம் மேஜையைத் தாண்டிப் பயனர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஐந்து வழிகளுக்கும் இடையிலான உண்மையான வித்தியாசம் இந்த அளவுகோலில்தான் தெரியும். ஆனால் இதை வைத்து ஒப்பிடுகிறவர்கள் குறைவு.

நான்காவது, ஸ்க்ரோல் வேகம். 60 ஹெர்ட்ஸ் திரையை ஒரு தடவை புதுப்பிக்கக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட், 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.3. நீளமான பட்டியல்களுக்கு இது முக்கியம். ஒரு செட்டிங்ஸ் திரைக்கு இதைப் பற்றி யோசிப்பதே வீண்.

இவற்றோடு ஆப் ஆதரிக்கும் மிகப் பழைய ஐஓஎஸ் பதிப்பையும், வெளி லைப்ரரியைச் சேர்ப்பதில் குழுவுக்கு உள்ள சம்மதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட ஒரே ஒரு செல்லை, அதாவது பட்டியலின் ஒரு வரிசையை, எடுத்துக்கொள்வோம். செய்தி ஆப்களில் வருகிற அதே செல்தான்: இடப்பக்கம் 44க்கு 44 பாயின்டில் வட்டப் படம். அதற்குப் பக்கத்தில் மேல் வரியில் பெயர், அதே வரியின் வலது ஓரத்தில் நேரம். கீழே செய்தி, அதிகபட்சம் இரண்டு வரி. பார்க்கச் சாதாரணம், ஆனால் எல்லாச் சிக்கலும் இதற்குள் இருக்கிறது.

## நேரடி ஆங்கர்

ஆங்கர்களுக்கு அடியில் ஓடுவது ஆட்டோ லேஅவுட், அதாவது நாம் சொல்லும் விதிகளிலிருந்து இடத்தையும் அளவையும் தானே கணக்கிடும் முறை. அது 2011இல் மேக்கிலும், 2012இல் ஐஓஎஸ் 6இலும் வந்தது. அதன் அடியில் இருப்பது கஸோவரி என்ற தீர்வு முறை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் போர்னிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 1990களில் உருவாக்கியது. ஒவ்வொரு கான்ஸ்ட்ரெயின்டும் (நாம் எழுதும் விதியும்) ஒரு நேரியல் சமன்பாடு: இந்த வியூவின் இந்த ஓரம், அந்த வியூவின் அந்த ஓரத்தை ஒரு பெருக்கியால் பெருக்கி ஒரு மாறிலியைக் கூட்டினால் வருவது. சமமாகவும் இருக்கலாம், "இதற்குக் குறையாமல்", "இதற்கு மேல் போகாமல்" என்றும் இருக்கலாம். 1000 என்ற முன்னுரிமை இருந்தால் கட்டாயம். அதற்குக் கீழே எல்லாம் முடிந்தவரை.

ஆரம்பத்தில் ஒரு கான்ஸ்ட்ரெயின்டுக்கு ஏழு ஆர்க்யுமென்ட் எழுத வேண்டியிருந்தது. 2015இல் ஐஓஎஸ் 9 ஆங்கர்களைக் கொண்டுவந்த பிறகுதான் நிரலில் எழுதுவது மனிதர் படிக்கும்படி ஆனது.

நம் செல்லுக்கு வருவோம். படத்துக்கு லீடிங் (எழுத்து தொடங்கும் பக்க ஓரம்), டாப், அகலம், உயரம்: நான்கு. பெயருக்கு லீடிங், டாப்: இரண்டு. நேரத்துக்கு ட்ரெயிலிங் (எழுத்து முடியும் பக்க ஓரம்), பெயரின் முதல் பேஸ்லைனோடு (எழுத்து உட்காரும் கோட்டோடு) தன் பேஸ்லைன், பெயரின் முடிவிலிருந்து குறைந்தது 8 பாயின்ட் தள்ளி: மூன்று. செய்திக்கு நான்கு பக்கமும்: நான்கு. செய்தி ஒரே வரியாக இருந்தால் படத்தின் அடி வெட்டுப்படாமல் இருக்க, படத்தின் கீழ் ஓரம் செல்லின் கீழ் ஓரத்தைத் தாண்டக் கூடாது என்று இன்னொன்று. மொத்தம் 14.

இந்த 14ஐயும் எழுதிவிட்டால் செல் சரியாக நிற்கும், நீளமான பெயர் ஒன்று வரும்வரை. பெயரும் நேரமும் சேர்ந்து வரியில் அடங்காதபோது யார் விட்டுக்கொடுப்பது? இரண்டு லேபிளுக்கும் சுருங்க மறுக்கும் முன்னுரிமை இயல்பாக ஒரே எண்தான், 750. சம பலத்தில் இருவர் மோதினால் எந்தப் பக்கம் வெட்டுப்படும் என்று சொல்ல முடியாது. இன்று பெயர் வெட்டுப்படும், நாளை நேரம் வெறும் மூன்று புள்ளியாக நிற்கும். நேரத்தின் முன்னுரிமையை ஒரு படி உயர்த்தி 751 ஆக்கினால் போதும், பிரச்சினை தீர்ந்தது. இந்த ஒரு வரியை விட்ட செல்களைத்தான் எத்தனையோ ஆப்களில் பார்க்கிறோம். லாகில் இதற்கு எச்சரிக்கை வராது, ஏனென்றால் இது முரண்பாடு இல்லை, தெளிவின்மை.

தப்பைக் காட்டுவதில் ஆங்கர்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. கிடைமட்ட ஆங்கரும் செங்குத்து ஆங்கரும் வெவ்வேறு டைப். டாப்பை லீடிங்கோடு கட்டினால் பில்டே ஆகாது. ஆனால் லீடிங்கும் லெஃப்டும் ஒரே டைப் என்பதால் அவற்றைக் கலந்து கட்டினால் பில்ட் ஆகும், ஓடும்போது கிராஷ் ஆகும். ஒரே மரத்தில் (வியூக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அடுக்கில்) இல்லாத இரண்டு வியூக்களைக் கட்டினாலும் அப்படித்தான். கிராஷ் என்பதால் உடனே தெரிந்துவிடும். அது நல்லதே.

கட்டாயக் கான்ஸ்ட்ரெயின்ட்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் கன்சோலில் நீளமான பட்டியல் ஒன்று விழும். கணினி அதில் ஒன்றை உடைத்துவிட்டு மேலே போகும். அந்தப் பட்டியல் வெறும் மெமரி முகவரிகளாக இருப்பதால்தான் எல்லோரும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். முக்கியமான கான்ஸ்ட்ரெயின்ட்களுக்கு ஐடென்டிஃபையர் கொடுத்துப் பாருங்கள். "நேரம்-ட்ரெயிலிங்" என்று பெயரோடு லாகில் வரும், அரை நிமிடத்தில் காரணம் பிடிபடும்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லிவிட வேண்டும். நிரலில் உருவாக்கிய ஒவ்வொரு வியூவுக்கும் ஆட்டோரீசைசிங் மாஸ்க்கை (ஆட்டோ லேஅவுட்டுக்கு முந்தைய அளவு மாற்றும் முறையை) கான்ஸ்ட்ரெயின்டாக மாற்றும் அமைப்பை நாமே அணைக்க வேண்டும். மறந்தால் நம் கான்ஸ்ட்ரெயின்டும் அதுவும் மோதும். வலது ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் மாறிலியில் மைனஸ் வேண்டும், அது விட்டுப்போனால் வியூ திரைக்கு வெளியே நிற்கும். மாறிலியைப் பின்னால் மாற்றலாம், பெருக்கியை மாற்ற முடியாது. அதற்குப் பழையதை அணைத்துவிட்டுப் புதியதை இயக்க வேண்டும், அதுவும் அந்த வரிசையில்தான். தானே உயரம் கணிக்கும் செல்லில் எல்லாவற்றையும் கான்டென்ட் வியூவோடு (செல்லின் உள்ளடக்கத்தைத் தாங்கும் வியூவோடு) கட்ட வேண்டும். செல்களைப் பட்டியலாகக் காட்டும் டேபிள் வியூ தற்காலிகமாகப் போடும் உயரத்தோடு மோதுவதைத் தவிர்க்கக் கீழ் ஓரக் கான்ஸ்ட்ரெயின்டின் முன்னுரிமையை 999க்கு இறக்குவதும் வழக்கம்.

இத்தனை இருந்தும், வேறு எந்த வழியும் இவ்வளவு சுலபமாகத் தராத ஒன்று இதில் உண்டு: மரத்தின் வெவ்வேறு கிளைகளில் இருக்கும் வியூக்களுக்கு இடையிலான உறவு. ஒரு படிவத்தில் பெயர், முகவரி, தொலைபேசி என்று இடப்பக்கம் லேபிள்கள் இருக்கின்றன. எல்லா லேபிளும் இருப்பதிலேயே நீளமானதன் அகலத்துக்கு வர வேண்டும். ஆங்கரில் "இவற்றின் அகலம் சமம்" என்று எழுதினால் முடிந்தது. சுருங்க மறுக்கும் பலம் விரிய மறுக்கும் பலத்தைவிட இயல்பிலேயே அதிகம் என்பதால் நீளமானது ஜெயிக்கும், மற்றவை அதற்கு இணங்கும். எந்த மொழிக்கு மாறினாலும் கணக்குத் தானே சரியாகும். கீபோர்டும் அப்படித்தான். ஐஓஎஸ் 15இல் வந்த கீபோர்டு லேஅவுட் கைடின் மேல் ஓரத்தோடு பட்டனின் கீழ் ஓரத்தைக் கட்டினால், முன்பு நோட்டிஃபிகேஷன் கேட்டு உயரம் கணக்கிட்டு எழுதிய அத்தனை வரியும் தேவையில்லாமல் போகிறது.

இடையில் விஷுவல் ஃபார்மட் பற்றி ஒரு வார்த்தை. கோடுகளும் அடைப்புகளுமாகத் திரையை ஸ்ட்ரிங்கில் வரைந்து எழுதும் அந்த முறை இன்னும் பழைய நிரல்களில் தென்படும். எழுத்துப் பிழை இருந்தால் ஓடும்போதுதான் தெரியும், அகல-உயர விகிதத்தை அதில் சொல்லவே முடியாது. புதிதாக எழுதுவதற்கு இதை எடுக்க ஒரு காரணமும் இல்லை.

## ஸ்டாக் வியூ

இதுவும் 2015இல், ஐஓஎஸ் 9இல் வந்ததுதான். அடியில் ஓடுவது அதே ஆட்டோ லேஅவுட். கான்ஸ்ட்ரெயின்ட்களை நமக்குப் பதிலாக அது எழுதுகிறது, அவ்வளவுதான்.

நம் செல்லுக்கு மூன்று ஸ்டாக்: வெளியே கிடைமட்டம் ஒன்று, அதற்குள் செங்குத்து ஒன்று, அதன் முதல் வரியில் பெயரும் நேரமும் வைக்க இன்னொரு கிடைமட்டம். நாம் எழுதுவது வெளி ஸ்டாக்கின் நான்கு ஓரம், படத்தின் அகலம், உயரம். 14 இருந்த இடத்தில் 6. படத்தின் அடி வெட்டுப்படும் கவலையும் இல்லை, ஏனென்றால் உள்ளே இருப்பதில் உயரமானதற்கு ஏற்ப ஸ்டாக் வளரும். ஆட்டோரீசைசிங் மாஸ்க்கை அணைப்பதையும் உள்ளே சேர்க்கும் வியூக்களுக்கு அதுவே செய்துவிடும்.

ஆனால் பெயருக்கும் நேரத்துக்கும் நடக்கும் போட்டி இங்கேயும் அப்படியே இருக்கிறது. இடம் போதாதபோது யார் சுருங்குவது, இடம் மிஞ்சும்போது யார் விரிவது என்று இப்போது இரண்டு கேள்வி. ஆங்கரில் "குறைந்தது 8" என்று எழுதி இரண்டாவதைத் தவிர்த்தோம். ஸ்டாக் வரியை முழுதாக நிரப்பப் பார்க்கும் என்பதால் நேரத்தின் விரிய மறுக்கும் முன்னுரிமையையும் உயர்த்த வேண்டும். ஸ்டாக் வியூ போட்டால் முன்னுரிமைகளைக் கற்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதன் உண்மையான பலம் மறைப்பதில் இருக்கிறது. ஒரு வியூவை ஹிடன் ஆக்கினால் அதன் இடமும் இடைவெளியும் சேர்ந்து மூடிக்கொள்ளும். படிவத்தில் பிழைச் செய்தி வந்து போவதற்கு இதைவிடச் சுலபமான வழி யுஐகிட்டில் (ஸ்விஃப்ட்யூஐக்கு முந்தைய ஆப்பிளின் திரைக் கட்டமைப்பில்) இல்லை. ஆங்கரில் இதையே செய்ய இரண்டு தொகுதிக் கான்ஸ்ட்ரெயின்ட்களை வைத்து மாற்றி மாற்றி இயக்க வேண்டும்.

இங்கேயும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. ஸ்டாக் ஒரு வியூவை மறைக்கும்போது அதன் அகலம் அல்லது உயரத்தைப் பூஜ்யமாக்கும் கான்ஸ்ட்ரெயின்டைத் தானே போடும். அதே வியூவுக்கு நீங்கள் 44 பாயின்ட் உயரம் கட்டாயம் என்று எழுதியிருந்தால் இரண்டும் மோதும், லாகில் யுஐஎஸ்வி-ஹைடிங் என்ற பெயர் தெரியும். உங்கள் 44ஐ 999க்கு இறக்கினால் அமைதியாகிவிடும். அடுத்து, வரிசையிலிருந்து நீக்கும் ரிமூவ் அரேஞ்ச்ட் சப்வியூ, வியூவைத் திரையிலிருந்து நீக்காது. சூப்பர்வியூவிலிருந்தும் தனியாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ ஒரு மூலையில் அது மிதந்துகொண்டிருக்கும். பின்னணி நிறம் கொடுத்தும் தெரியவில்லையே என்று குழம்பியது ஐஓஎஸ் 13 வரைக்கும்தான். 14இலிருந்து தெரிகிறது.

வேகமாக ஓடும் பட்டியல் செல்லில் நான்கைந்து அடுக்கு ஸ்டாக் போடுவது எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு அடுக்கும் நமக்குத் தெரியாமல் கான்ஸ்ட்ரெயின்ட்களைச் சேர்க்கிறது, அவற்றில் ஒன்று முரண்பட்டால் நாம் எழுதாத நிரலைத்தான் துருவ வேண்டியிருக்கும். இரண்டு அடுக்கோடு நிறுத்திவிட்டு மீதியை ஆங்கரில் எழுதுவது நல்ல எல்லை.

படிவத் திரைக்கு ஓர் அமைப்பு சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்: ஸ்க்ரோல் வியூவுக்குள் ஒரே ஒரு செங்குத்து ஸ்டாக். ஸ்டாக்கின் நான்கு ஓரமும் ஸ்க்ரோல் வியூவின் கான்டென்ட் லேஅவுட் கைடோடு. அகலம் மட்டும் ஃப்ரேம் லேஅவுட் கைடோடு. இந்த இரண்டு கைடும் ஐஓஎஸ் 11இலிருந்து இருக்கின்றன. அகலத்தைக் கட்டாமல் விட்டால் நீளமான லேபிள் மடங்காமல் பக்கவாட்டில் ஓடும்.

## ஸ்னாப்கிட்

மேசனரி என்ற ஆப்ஜெக்டிவ்-சி லைப்ரரியின் வழியில் ஸ்விஃப்டுக்கு வந்தது. நம் செல்லின் 14 கான்ஸ்ட்ரெயின்டும் இங்கே 14தான், ஆனால் எழுதும் வரிகள் பாதியாகும். செய்தியின் ஓரங்களை ஒரே வரியில் கட்டலாம், இன்செட் என்று எழுதினால் மைனஸ் குறியை அதுவே பார்த்துக்கொள்ளும், ஆட்டோரீசைசிங் மாஸ்க்கையும் அணைத்துவிடும். ஆங்கரில் அடிக்கடி நடக்கும் இரண்டு தப்புகள் இங்கே நடக்கவே வழியில்லை. படிக்கவும் நன்றாக இருக்கிறது.

கவனிக்க வேண்டியது மூன்று ஃபங்ஷன்களுக்கு இடையிலான வித்தியாசம். மேக், அப்டேட், ரீமேக். மேக்கை இரண்டு தடவை கூப்பிட்டால் கான்ஸ்ட்ரெயின்ட்கள் இரட்டிப்பாகும். அப்டேட், ஏற்கெனவே இருப்பதன் மாறிலியை மட்டுமே மாற்றும். ரீமேக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் பூட்டும். மூன்றில் ரீமேக்கே எப்போதும் வேலை செய்வதால் கை தானாக அதை நோக்கிப் போகும். செல் மறுபயன்பாட்டில், ஒவ்வொரு தடவை டேட்டா வரும்போதும் ரீமேக் கூப்பிட்டால் கான்ஸ்ட்ரெயின்ட்களைத் தீர்க்கும் தீர்வியந்திரம் ஒவ்வொரு செல்லுக்கும் கணக்கை அடியிலிருந்து போட வேண்டியிருக்கும். 2018இல் ஐஓஎஸ் 12 வந்தபோது ஆட்டோ லேஅவுட்டின் வேகத்தை ஆப்பிள் நன்றாகவே கூட்டியது. அந்த ஆண்டு டெவலப்பர் மாநாட்டிலும் அவர்கள் முக்கியமாக எச்சரித்தது இந்தக் கழற்றிப் பூட்டும் பழக்கத்தைத்தான். ஆங்கரிலும் இதே தப்பைச் செய்யலாம். ஆனால் அங்கே கஷ்டப்பட்டுச் செய்ய வேண்டும், இங்கே ஒரு சொல்லில் நடந்துவிடுகிறது.

இன்னொரு செலவு, டைப் சோதனை தளர்ந்துபோவது. ஆங்கரில் கம்பைலர் பிடிக்கும் சில தப்புகள் இங்கே ஓடும்போதுதான் தெரியும். அப்புறம், வெளி லைப்ரரி என்றால் ஒவ்வொரு எக்ஸ்கோட் (ஆப்பிளின் ஆப் எழுதும் கருவி) மாற்றத்திலும் அது கூடவே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகளில் அது ஊடுருவிய பிறகு பிரித்தெடுப்பது பெரிய வேலை.

ஏற்கெனவே ஸ்னாப்கிட் இருக்கும் ப்ராஜெக்டில் தொடர்ந்து அதையே பயன்படுத்துங்கள், இரண்டு பாணியைக் கலக்க வேண்டாம். புதிய ப்ராஜெக்ட் என்றால், ஓரங்களை ஒட்டுவது, மையப்படுத்துவது, அளவு கொடுப்பது ஆகியவற்றுக்கு நாற்பது ஐம்பது வரியில் சொந்த எக்ஸ்டென்ஷன் எழுதிக்கொண்டாலே ஸ்னாப்கிட்டின் வசதியில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதைத்தான் பரிந்துரைப்பேன்.

## ஃப்ரேம் கணக்கு

தீர்வியந்திரமே வேண்டாம், லேஅவுட் சப்வியூஸ் ஃபங்ஷனில் ஒவ்வொரு வியூவுக்கும் இடமும் அளவும் நானே சொல்கிறேன் என்பது இந்த வழி. நம் செல்லில் முதலில் நேரத்தின் அளவைக் கேட்டு வாங்கி வலது ஓரத்தில் வைப்போம், மீதி அகலம் பெயருக்கு, அதன் கீழே செய்தி. பெயரும் நேரமும் மோதும் கேள்விக்கு இங்கே இடமே இல்லை. நேரத்தை முதலில் அளந்தோம், ஆகவே அதற்கு முதல் உரிமை. நிரலின் வரிசையே முன்னுரிமை. இந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்தது.

வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. விலை என்னவென்றால், மேலே சொன்ன அளவுகோல்கள் ஒவ்வொன்றும் நம் தலையில் விழும். வலமிருந்து இடம் போகும் மொழி என்றால் திசையைக் கேட்டு ஒவ்வொரு எக்ஸ் மதிப்பையும் நாமே திருப்ப வேண்டும். ஸேஃப் ஏரியாவுக்கு (நாட்ச், ஓரப் பட்டைகள் மறைக்காத பகுதிக்கு) வெளியே உள்ள இடத்தை நாமே கழிக்க வேண்டும். செல்லின் உயரம் கேட்டு வரும்போது அதே கணக்கை இன்னொரு இடத்தில் போட வேண்டும். அந்த இரண்டு கணக்கும் ஒரு பாயின்ட் விலகினால் செய்தியின் இரண்டாவது வரி காணாமல் போகும், லாகில் ஒரு சத்தமும் இருக்காது. இந்த வழியை எடுப்பவர்கள் கணக்கை ஒரே ஃபங்ஷனில் வைத்து, உயரத்துக்கும் இடம் வைப்பதற்கும் அதையே கூப்பிட வேண்டும். இது கட்டாயம். ட்ரான்ஸ்ஃபார்ம் போட்ட வியூவின் ஃப்ரேமைத் தொடக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பவுண்ட்ஸும் சென்டரும்தான் அங்கே நம்பகமானவை.

அளந்து பார்த்து, ஆட்டோ லேஅவுட்தான் ஸ்க்ரோலைத் தடுக்கிறது என்று இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவி காட்டிய செல்களுக்கும், வரைபடம், காலவரிசை போல டேட்டாவே இடத்தைத் தீர்மானிக்கும் வியூக்களுக்கும் இதுதான் சரியான வழி. ஊகத்தின் பேரில் இதற்கு வராதீர்கள். பெரும்பாலான மெதுவான பட்டியல்களில் குற்றவாளி படத்தை மெயின் த்ரெட்டில் விரிப்பதாக இருக்கும், கான்ஸ்ட்ரெயின்டாக இருக்காது.

## ஸ்விஃப்ட்யூஐ

2019இல் ஐஓஎஸ் 13உடன் வந்தது. இங்கே கான்ஸ்ட்ரெயின்ட் என்ற எண்ணமே கிடையாது. பெற்றோர் வியூ ஓர் அளவை முன்வைக்கும், பிள்ளை தனக்கு வேண்டிய அளவைத் தானே முடிவு செய்யும், பெற்றோர் அதைக் கொண்டுபோய் ஓரிடத்தில் வைக்கும். பிள்ளை எடுத்த முடிவைப் பெற்றோர் மாற்ற முடியாது. ஆட்டோ லேஅவுட்டில் ஊறியவர்களுக்கு மனதில் ஏற வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

நம் செல் பத்துப் பதினைந்து வரியில் முடிந்துவிடும். பெயருக்கு ஒரு வரி வரம்பு, நேரத்துக்கு லேஅவுட் ப்ரயாரிட்டி 1. எழுத்தளவு, திசை, மறைப்பது, கீபோர்டுக்கு ஒதுங்குவது எல்லாம் இலவசம். கடைசியது ஐஓஎஸ் 14இலிருந்து.

தப்பு தெரிவதில்தான் தயக்கம். முரண்பாடு என்று ஒன்று இல்லாததால் எச்சரிக்கையும் இல்லை. எப்படியும் ஏதோ ஒரு திரை வந்துவிடும். கிடைக்கும் அளவைச் சொல்லும் ஒரு ஜியோமெட்ரி ரீடரைத் தவறான இடத்தில் வைத்தால் அது கொடுத்த இடம் முழுவதையும் விழுங்கிவிடும், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சந்தேகம் வந்த வியூக்களுக்கெல்லாம் பார்டர் போட்டுப் பார்ப்பதுதான் நடைமுறை வைத்தியம்.

வெவ்வேறு கிளைகளுக்கு இடையிலான உறவும் இங்கே சுலபமில்லை. சம அகல லேபிள்களுக்கு ஐஓஎஸ் 16இல் வந்த கிரிட் இருக்கிறது, சொந்தக் கணக்குக்கு அதே பதிப்பில் லேஅவுட் ப்ரோட்டோகால் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளையும் ஆதரிக்க வேண்டுமென்றால் ப்ரெஃபரன்ஸ் கீ வழியாக அளவை மேலே அனுப்பிக் கீழே வாங்கும் சுற்றுவழிதான். ஆகவே ஸ்விஃப்ட்யூஐயா என்ற கேள்விக்கு முன்னால், குறைந்தபட்சப் பதிப்பு எது என்ற கேள்வியைக் கேட்டுவிடுங்கள். 16 அல்லது மேலே என்றால் புதிய திரைகளுக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். 13, 14 என்றால் மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | ஆங்கர் | ஸ்டாக் வியூ | ஸ்னாப்கிட் | ஃப்ரேம் | ஸ்விஃப்ட்யூஐ |
|---|---|---|---|---|---|
| தேவையான ஐஓஎஸ் | 9 | 9 | லைப்ரரிப் பதிப்பைப் பொறுத்தது | எதுவும் | 13. வசதியாக 16 |
| எழுத்தளவு மாற்றம் | தானாக | தானாக | தானாக | நாமே | தானாக |
| வியூவை மறைப்பது | கடினம் | மிகச் சுலபம் | ரீமேக் வேண்டும் | சுலபம் | மிகச் சுலபம் |
| கிளை தாண்டிய உறவு | மிகச் சுலபம் | ஆங்கர் துணை வேண்டும் | மிகச் சுலபம் | நாமே கணக்கிட | 16க்கு முன் கடினம் |
| தப்பு தெரிவது | கம்பைலர், கிராஷ், லாக் | லாக் | கிராஷ், லாக் | தெரியாது | தெரியாது |
| வலமிருந்து இடம் | தானாக | தானாக | லீடிங், ட்ரெயிலிங் எழுதினால் | நாமே | தானாக |

ஆங்கரிலும் லெஃப்ட், ரைட் என்று எழுதினால் திசை மாறாது. லீடிங், ட்ரெயிலிங் மட்டுமே எழுதுங்கள்.

ஆண்ட்ராய்டு பக்கம் இருந்து வருபவர்களுக்கு: கூகுள் 2016இல் அறிவித்த கான்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்டும் கஸோவரியின் வழித்தோன்றலே. அங்கே அதன் முக்கியமான வேலை அடுக்குகளைக் குறைப்பது, ஏனென்றால் பழைய வியூ முறையில் வெயிட் போட்ட லீனியர் லேஅவுட்கள் ஒன்றுக்குள் ஒன்று இருந்தால் அளக்கும் வேலை பெருகிக்கொண்டே போகும். ஆண்ட்ராய்டின் புதிய முறையான கம்போஸில் ஒரு பிள்ளையை ஒரு தடவைதான் அளக்கலாம் என்பது விதி, ஆகவே ரோவும் (கிடைமட்ட வரிசை) காலமும் (செங்குத்து வரிசை) ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதற்குப் பயப்பட வேண்டாம். உறவுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் திரைக்கு மட்டும் அங்கே கான்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்டை எடுக்கலாம்.

## ஒன்றுக்கு மேற்பட்டதைக் கலக்கும்போது

ஒரு ஆப் முழுக்க ஒரே வழி என்பது பெரும்பாலும் நடக்காது, நடக்கவும் வேண்டியதில்லை. ஆனால் எல்லைக்கோடு வியூவின் ஓரத்தில் இருக்க வேண்டும், வியூவுக்குள் இருக்கக் கூடாது. ஃப்ரேமில் கணக்கிடும் ஒரு வரைபட வியூ, வெளியே ஆங்கரில் கட்டப்படுவதில் தவறே இல்லை. அது தன் இயல்பான அளவை, அதாவது இன்ட்ரின்சிக் கான்டென்ட் சைஸை, சரியாகச் சொன்னால் போதும். ஒரே வியூவின் பாதிப் பிள்ளைகளுக்கு ஆங்கரும் மீதிக்கு ஃப்ரேமும் எழுதினால், அடுத்த லேஅவுட் சுற்றில் எது எதை மேலெழுதும் என்று பின்னால் வருபவர் கண்டுபிடிக்கவே முடியாது.

பழைய யுஐகிட் ஆப்பில் ஸ்விஃப்ட்யூஐயைக் கொண்டுவர விரும்பினால் பட்டியல் செல்களிலிருந்து தொடங்குவது பாதுகாப்பு. ஐஓஎஸ் 16இல் வந்த ஹோஸ்டிங் கான்ஃபிகரேஷன், செல்லின் உயரத்தை டேபிள் வியூவிடம் தானே சொல்லிவிடுகிறது. முழுத் திரையை ஹோஸ்டிங் கன்ட்ரோலரில் (ஸ்விஃப்ட்யூஐ திரையை யுஐகிட்டுக்குள் தாங்கும் உறையில்) வைப்பதும் சுலபம். ஒரு திரையின் நடுவில் ஒரு சிறு துண்டை ஹோஸ்டிங் கன்ட்ரோலர் வழியாகச் செருகி, அதன் உயரம் மாறும்போதெல்லாம் வெளியே இருக்கும் ஆங்கர்கள் இணங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் கடினம். ஐஓஎஸ் 16இல் அதற்கென்று சைஸிங் ஆப்ஷன்ஸ் வந்திருக்கிறது. அதில் இன்ட்ரின்சிக் கான்டென்ட் சைஸைத் தேர்ந்தெடுத்துவிட்டால், உள்ளே உயரம் மாறுவது வெளியே இருக்கும் கான்ஸ்ட்ரெயின்ட்களுக்குத் தெரியவரும்.

எந்த வழியை எடுத்தாலும், திரையை முடித்துவிட்டேன் என்று சொல்வதற்கு முன் மூன்று சோதனையைச் செய்யுங்கள். எழுத்தளவை உச்சத்துக்குக் கொண்டுபோங்கள், எக்ஸ்கோடின் ஸ்கீம் அமைப்பில் வலமிருந்து இடம் போகும் போலி மொழியைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள், அங்கேயே இருக்கும் இரட்டை நீளப் போலி மொழியையும் ஒரு தடவை ஓட்டுங்கள். கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். ஆங்கரும் ஸ்டாக்கும் அங்கே பேசும். ஃப்ரேமும் ஸ்விஃப்ட்யூஐயும் பேசாது, அவற்றுக்குத் திரையின் ஒவ்வொரு ஓரத்தையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.